3584-ம் 3584-ம்: ஒரு பழைய 1080 டிஐ, ஒரு 3060, ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ

மார்கழி பிறந்தால்தான் கல்யாண வீடியோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஈரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தாய்மாமா அந்த ஒரு மாதத்தில்தான் லென்ஸ்களைத் துடைப்பார், ஹார்ட் டிஸ்குகளை அடுக்குவார், எடிட்டிங் சிஸ்டத்தை என் தலையில் கட்டுவார். 2025 மார்கழியிலும் போன் வந்தது. "மாப்ள, கார்டு போயிருச்சாட்ட இருக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ."

போய்ப் பார்த்தேன். கார்டு போகவில்லை. ஆனால் மாமாவிடம் இரண்டு புகார் இருந்தது. ஒன்று, புதிதாக வாங்கிய மிர்ரர்லெஸ் கேமராவில் எடுத்த ஃபுட்டேஜை டைம்லைனில் போட்டால் நின்று நின்று ஓடுகிறது. பழைய கேமரா ஃபுட்டேஜ் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டு, ரெண்டர் போட்டிருக்கும்போது கரண்ட் போனால், யூபிஎஸ் இருந்தும் சிஸ்டம் பொட்டென்று அணைகிறது. சும்மா இருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆவதில்லை. சிஸ்டத்தில் விலை அதிகமான பொருள் கிராஃபிக்ஸ் கார்டு என்பதால் பழி அதன்மேல் விழுந்துவிட்டது.

அந்தக் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2019-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒற்றை ஊதுவிசிறி வைத்த ஃபவுண்டர்ஸ் எடிஷன். அதோடு இருப்பது 8ஆம் தலைமுறை ஐ7, 32 ஜிபி ராம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), 600 விஏ யூபிஎஸ்.

இதற்கு நடுவே கடையை மூடும் ஒரு ஸ்டுடியோக்காரர் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற இன்னும் புதிய கார்டு ஒன்றை விற்பதாகச் சொல்லியிருந்தார். வாங்கலாமா என்று மாமா தனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்னது: "அண்ணா, ரெண்டுலயும் அதே 3584 கோர்தான். பேண்ட்விட்த் 3060-ல கம்மி. காசு கொடுத்துக் கீழ எறங்குறீங்க." மாமா பையன் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு, செயற்கை நுண்ணறிவுப் பாடம். அவன் கட்சி வேறு: "மச்சான், அது எட்டு வருசப் பழசு. அப்பாகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

கோர் என்பது கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு. பேண்ட்விட்த் என்பது சிப்புக்கும் அதன் மெமரிக்கும் நடுவே நொடிக்கு ஓடும் தகவலின் அளவு. கடைக்காரர் சொன்ன எண்ணில் பொய் இல்லை. அதனாலேயே இந்த விவகாரத்தை முழுதாக எழுதிவைக்கத் தோன்றியது.

முதலில் காகிதத்தில் உள்ளது

1080 டிஐ 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. 3060 வந்தது 2021 பிப்ரவரியில், அறிவித்த விலை 329 டாலர். அந்த விலைக்கு அப்போது யாருக்கும் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. கிரிப்டோ தோண்டியவர்கள் வழித்துக்கொண்டு போனார்கள். விவரப் பட்டியலில் முக்கியமான வரிகளை மட்டும் பக்கம் பக்கமாக வைத்தால் இப்படி வரும் (முதலில் 1080 டிஐ, அடுத்து 3060):

கூடா கோர்கள்: 3584 / 3584
பூஸ்ட் வேகம்: 1582 மெகாஹெர்ட்ஸ் / 1777 மெகாஹெர்ட்ஸ்
மெமரி: 11 ஜிபி ஜிடிடிஆர்5எக்ஸ் / 12 ஜிபி ஜிடிடிஆர்6
பஸ் (மெமரிக்குப் போகும் பாதை) அகலம்: 352 பிட் / 192 பிட்
பேண்ட்விட்த்: நொடிக்கு 484 ஜிபி / 360 ஜிபி
ஆர்ஓபி: 88 / 48
டெக்ஸ்சர் யூனிட் (பரப்புகளில் படத்தை ஒட்டுபவை): 224 / 112
மின்சாரம்: 250 வாட் / 170 வாட்

இதை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனால் கடைக்காரர் பேச்சு சரியென்றுதான் படும். கோர் சமம், வேகம் கொஞ்சம் கூட, மெமரி ஒரு ஜிபி கூட. மற்றதெல்லாம் குறைவு, சிலது பாதிக்குப் பாதி. விலையில் பாதிக்கும் கீழே இருந்த கார்டு வேறு எப்படி இருக்கும்?

3584 என்ற எண்

இந்த ஒற்றுமை தற்செயல்தான், ஆனால் விசித்திரமான தற்செயல். இரண்டு சிப்பிலும் எஸ்எம் என்ற கணக்குப் போடும் தொகுதிகள் மொத்தம் 30. இரண்டிலும் 2 தொகுதிகளை அணைத்துவிட்டு 28-ஐ மட்டும் கொடுத்திருக்கிறார்கள். தொகுதிக்கு 128 கோர். 28-ஐ 128-ஆல் பெருக்கினால் 3584. சிப் தயாரிக்கும்போது அங்கங்கே பழுது வரும். ஒன்றிரண்டு தொகுதிகளை அணைத்துவிட்டால் பழுதுபட்ட சிப்பும் விற்பனைக்கு ஆகும். 1080 டிஐயின் ஜிபி102 சிப் 471 சதுர மில்லிமீட்டர், டிஎஸ்எம்சியின் 16 நானோமீட்டர் முறையில் செய்தது. 3060-இன் ஜிஏ106 சிப் 276 சதுர மில்லிமீட்டர், சாம்சங்கின் 8 நானோமீட்டர். அதே 28 தொகுதியை ஏறத்தாழ அறுபது சதவீத இடத்தில் அடக்கியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த 128-க்குள் இருப்பது ஒன்றல்ல. 1080 டிஐயின் பாஸ்கல் வடிவமைப்பில் ஒவ்வொரு கோரும் புள்ளி வைத்த எண்ணையும் கணக்குப் போடும், முழு எண்ணையும் போடும். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்று. 2018-இல் வந்த டூரிங் வடிவமைப்பில் இந்தப் பாட்டையை இரண்டாகப் பிரித்தார்கள். 64 கோர் புள்ளி எண்ணுக்கு, 64 முழு எண்ணுக்கு. விளம்பரத்தில் எண்ணியது முதல் 64-ஐ மட்டும். 2020-இல் வந்த ஆம்பியரில் (3060 இந்த வகை), முழு எண் பக்கம் இருந்த 64-க்கும் புள்ளி எண் போடக் கற்றுக்கொடுத்தார்கள். உடனே எண்ணிக்கை 128 ஆகிவிட்டது. ஆக, ஆம்பியரின் 128-இல் பாதி எப்போதும் புள்ளி எண்ணுக்கு, மீதிப் பாதி தேவைக்கேற்ப இரண்டில் ஒன்றுக்கு.

எண்ணும் முறையே மாறிவிட்டது என்பதற்கு நல்ல சாட்சி டூரிங் கார்டான 2080 டிஐ. அதில் 4352 கோர். அடுத்த தலைமுறை 3070-இல் 5888. கோர் 35 சதவீதம் கூடியிருக்கிறது, விளையாட்டுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும். கோர் எண்ணிக்கையை வைத்துத் தலைமுறைகளை ஒப்பிடுவது, நம் ஊர் ஏக்கரையும் குழியையும் ஒரே எண்ணாக எழுதிவைத்து நிலம் வாங்குவது மாதிரி.

அப்படியென்றால் 1080 டிஐயின் 3584-க்கும் 3060-இன் 3584-க்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்க வேண்டுமே? இங்கேதான் கதை திரும்புகிறது. இல்லை. இரண்டு எண் வகையும் கலந்து வரும் வேலையில், தொகுதிக்கு ஒரு சுற்றில் இரண்டு வடிவமைப்பும் செய்து முடிப்பது ஏறத்தாழ ஒரே அளவுதான். வேகமும் காகிதத்தில் காட்டுவதைவிட நெருக்கம். குளிர்ச்சி நன்றாக இருந்தால் இரண்டுமே பெட்டியில் போட்டதைத் தாண்டி 1800, 1900 பக்கம் போய் நிற்கும். காகிதக் கணக்குப்படி 1080 டிஐ 11.3 டெராஃப்ளாப்ஸ், 3060 12.7 (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு). ரே ட்ரேசிங் (ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத விளையாட்டுகளில் இரண்டும் தோளோடு தோள். சிலவற்றில் இது ஒரு விரல் முந்தும், சிலவற்றில் அது.

கடைக்காரர் தவறான காரணத்தைச் சொல்லி, சரியான விடைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினோரு சிப்பும் ஒரு காலியிடமும்

கார்டைக் கழற்றினேன். ஆறு வருடத் தூசி, பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த விபூதி மாதிரி உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் நடுவில் பெரிய சிப், அதைச் சுற்றி கறுப்புச் சதுரங்களாக மெமரி. மாமா பையனை எண்ணச் சொன்னேன். பதினொன்று. பன்னிரண்டாவது இடத்தில் ஈயப் புள்ளிகள் மட்டும், சிப் இல்லை.

"யாராச்சும் கழட்டி வித்துட்டாங்களா?" என்றார் மாமா. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் பயம் அவருக்கு.

தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வரும். முழு சிப்பில் 32 பிட் மெமரி கட்டுப்பாட்டுப் பகுதிகள் 12 உண்டு. 1080 டிஐயில் ஒன்றை அணைத்துவிட்டார்கள். அதனால்தான் 11 ஜிபி என்ற ஒற்றைப்படை, அதனால்தான் 384-க்குப் பதில் 352 பிட். பாஸ்கலில் ஆர்ஓபி என்பவை (வரைந்து முடித்த புள்ளியை மெமரியில் எழுதுபவை) இந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பகுதிக்கு எட்டு. ஒன்று போனதால் 96-இல் 8 போய் 88. அந்தக் காலியிடம் ஒன்று, பேண்ட்விட்த்தையும் சேர்த்து, பட்டியலில் நான்கு வரிகளை மாற்றியிருக்கிறது.

பேண்ட்விட்த் கணக்கு மிக எளிது, பெட்டியில் போடாவிட்டாலும் நாமே போடலாம். பஸ் அகலத்தை 8-ஆல் வகுத்து, மெமரி வேகத்தால் பெருக்க வேண்டும். 352-ஐ 8-ஆல் வகுத்தால் 44, ஜிடிடிஆர்5எக்ஸ் வேகம் 11 கிகாபிட், 484. 3060-க்கு 24-ஐ 15-ஆல் பெருக்கினால் 360. புது மெமரி வேகமானது, ஆனால் பாதை ஒடுங்கியதை அந்த வேகம் ஈடுகட்டவில்லை. 4கே திரையில் பழைய விளையாட்டு ஆடினால் 1080 டிஐ முந்துவதற்கு இது ஒரு காரணம். ஆர்ஓபி 88-க்கு 48, டெக்ஸ்சர் யூனிட் 224-க்கு 112 என்பதும் அங்கேதான் உறைக்கும். ஆம்பியரில் ஆர்ஓபிகள் மெமரியை விட்டுப் பிரிந்து ஜிபிசி என்ற பெரிய குழுவோடு சேர்ந்துவிட்டன. குழுவுக்கு 16, 3060-இல் மூன்று குழு, 48. டெக்ஸ்சர் யூனிட்டைத் தொகுதிக்கு 8-இலிருந்து 4 ஆக்கிவிட்டார்கள். புதிய விளையாட்டுகள் படத்தை ஒட்டுவதைவிடக் கணக்குப் போடுவதில்தான் நேரம் செலவழிக்கின்றன என்ற கணிப்பு. மாமாவின் மானிட்டர் 1080பி. அவருக்கு இதெல்லாம் உறைக்கப்போவதில்லை.

இரண்டாவது புகார் முதலில் தீர்ந்தது

250 வாட் என்ற வரியைப் பார்த்ததும் யூபிஎஸ்ஸைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தேன். 600 விஏ, 360 வாட்.

கணக்கு இதுதான். கார்டு 250. பிராசஸருக்குப் பெட்டியில் போட்டது 65, ரெண்டரில் அதற்கும் மேலே போகும். போர்டு, டிஸ்க், விசிறி எல்லாம் சேர்ந்து ஒரு 40. எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் தின்னும். சுவரிலிருந்து 400 வாட்டுக்கு மேல். மானிட்டர் தனி. 360 வாட் யூபிஎஸ் இதைத் தாங்காது. தாங்காமல் அணைவதுதான் அதன் வேலை. சும்மா இருக்கும்போது கார்டு கொஞ்சம்தான் எடுக்கும், அப்போது கரண்ட் போனால் தாங்கிவிடுகிறது. மாமா சொன்ன அறிகுறி அப்படியே பொருந்தியது. ஆறு வருடமாக ரெண்டர் போகும்போது கரண்ட் போனதெல்லாம் கார்டின் கோளாறு என்று நினைத்து, பாவம், இரவில் எழுந்து எழுந்து பார்த்திருக்கிறார்.

170 வாட் கார்டு போட்டால் மானிட்டரோடு சேர்த்து 340 பக்கம் வரும். மயிரிழையில் தப்பும், அதை நம்பிப் படுக்க முடியாது. 1 கேவிஏ யூபிஎஸ் போட்டால் இந்த இரண்டில் எந்தக் கார்டாக இருந்தாலும் தொல்லை இல்லை. அது கார்டு வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

80 வாட் மிச்சத்தையும் கணக்குப் பண்ணிக் காட்டினேன். நாளுக்கு 8 மணி நேரம் முழுச்சுமையில் ஓடினால் 0.64 யூனிட். "டீ காசு" என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அறைக்குள் 80 வாட் சூடு குறைவது சித்திரையில் தெரியும். அந்த எடிட்டிங் அறையில் ஏசி கிடையாது. ஃபவுண்டர்ஸ் எடிஷனின் இலக்கு வெப்பநிலையே 84 டிகிரி. அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 84 காட்டுவது கோளாறு இல்லை, அது அப்படி அமைத்திருப்பது. பேஸ்ட் மாற்றியபின் சத்தம் மட்டும் கொஞ்சம் அடங்கியது.

முதல் புகார் எந்தப் பட்டியலிலும் இல்லை

இதுதான் எனக்கே பாடம் நடத்தியது. புதுக் கேமரா ஃபுட்டேஜ் ஏன் திக்குகிறது?

டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் வரைபடம் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்தில் வீடியோ டீகோட் என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அது தரையோடு தரையாகக் கோடு போட்டிருந்தது. பழைய கேமரா ஃபுட்டேஜை ஓட்டினேன். உடனே டீகோட் கட்டம் எழுந்தது, பிராசஸர் இறங்கியது. கார்டுக்குள் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. புது ஃபுட்டேஜை அது தொடவே இல்லை. மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில்.

கேமரா மெனுவைப் பார்த்தால் 4:2:2, 10 பிட், எச்.265 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) என்று வைத்திருக்கிறார்கள். வாங்கும்போதே யாரோ "இதுதான் ஹை குவாலிட்டி" என்று சொல்லி வைத்துக் கொடுத்தது. 4:2:2 என்றால் நிறத் தகவல் 4:2:0-ஐவிட இரு மடங்கு. கலர் கிரேடிங் செய்பவர்களுக்கு நல்லது. ஆனால் பாஸ்கலின் டீகோடருக்கு 4:2:2 தெரியாது. 8ஆம் தலைமுறை இன்டெலின் உள்கிராஃபிக்ஸுக்கும் தெரியாது. சரி, ஆம்பியருக்கு? அதற்கும் தெரியாது. என்விடியாவில் அதைக் கற்றுக்கொண்டு வந்தது 2025-இல் வெளியான 50 வரிசைதான்.

அதாவது மாமா 3060 வாங்கியிருந்தாலும் டைம்லைன் அதே இடத்தில் அதே மாதிரி நின்றிருக்கும். கோர், பேண்ட்விட்த், வாட் என்று எந்த வரியைப் பார்த்தும் இது தெரியாது. பெட்டியின் மேல் யாரும் இதை அச்சடிப்பதில்லை.

தீர்வுக்குக் காசே தேவைப்படவில்லை. எடிட்டிங் மென்பொருளில் ப்ராக்ஸி போட்டுக்கொள்ளலாம். சின்ன அளவு நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசி ரெண்டரில் மட்டும் மூலத்தை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் முகூர்த்தம், ரிசப்ஷன் நீளக் காட்சிகளை 4:2:0-இல் எடுத்துக்கொண்டு, ஹைலைட்ஸ் எடுக்கும் கேமராவில் மட்டும் 4:2:2 வைக்கலாம். மாமா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். "தாலி கட்டறதுக்கு எதுக்கு மாப்ள அத்தன கலரு, அதுவே மஞ்சளாத்தான் இருக்கும்."

ஆக, இரண்டு புகாரில் ஒன்று யூபிஎஸ்ஸோடு போனது, இன்னொன்று கேமரா மெனுவோடு. கார்டு நிரபராதி. நியாயப்படி ஆய்வை இங்கேயே முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கலாம்.

பிறகு ஏன் வாங்கச் சொன்னேன்

பையன் விடவில்லை. அவன் சொன்னதில் பாதி ஆசை, பாதி நியாயம். நியாயப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பழைய கார்டில் இல்லவே இல்லாத பொருளுக்கு, பட்டியலில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். கண் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். 3060-இல் 112 டென்சர் கோர் (செயற்கை நுண்ணறிவுக் கணக்குக்கு), 28 ஆர்டி கோர் (ரே ட்ரேசிங்குக்கு). 1080 டிஐ பக்கம் கோடு. இந்த டென்சர் கோர்கள் 16 பிட் கணக்கில் காகிதத்தில் 51 டெராஃப்ளாப்ஸ் தரும். 1080 டிஐ 16 பிட்டில் என்ன செய்யும் தெரியுமா? தன்னுடைய 32 பிட் வேகத்தில் 64-இல் ஒரு பங்கு. ஒரு டெராஃப்ளாப்ஸில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. நரம்பியல் வலை ஓட்டுபவர்கள் 1080 டிஐயில் 32 பிட்டிலேயே ஓட்டிச் சமாளித்தார்கள், அந்தக் காலத்தில் அது சிங்கம். இன்று மாமாவின் மென்பொருளிலேயே இருட்டு மண்டபக் காட்சிகளில் இரைச்சல் எடுப்பது, முகத்தைப் பின்தொடர்வது எல்லாம் இந்த வகைக் கணக்கு. பையனின் கல்லூரி வேலையும் அதேதான். மொழி மாதிரியை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவனுக்கு 12 ஜிபி மெமரி இருப்பதும் சின்ன விஷயமில்லை.

விளையாட்டுப் பக்கம், 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டும் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. மெதுவாக ஓடும் என்பது வேறு, கதவே திறக்காது என்பது வேறு.

எனக்கு முடிவைத் தந்த வரி இதுவும் இல்லை. என்விடியா 2025 அக்டோபரோடு பாஸ்கல் கார்டுகளுக்கான வழக்கமான டிரைவர் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்த கூடா 13 (கார்டில் கணக்கு ஓட்ட என்விடியா தரும் மென்பொருள்), பாஸ்கலைக் கைவிட்டுவிட்டது. (கூடா 13 பாஸ்கலுக்குக் கூடாது என்று பையனுக்குச் சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.) எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் புது டிரைவர் கேட்கும். இன்று ஓடுகிறது, நாளை மறுநாளும் ஓடும். ஏதோ ஒரு தை மாதம், ஏழு கல்யாணம் வரிசையில் நிற்கும்போது, அப்டேட் போட்டதும் கார்டு ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு பெட்டி வரும். அன்றைக்குக் கார்டு தேடி அலைவதைவிட மார்கழியில் வாங்குவது மேல்.

புதியதாக 4060, 5060 இருக்கும்போது 3060 எதற்கு என்று பையனும் கேட்டான். இரண்டும் 8 ஜிபி, இரண்டும் 128 பிட் பஸ். 4060-இல் பேண்ட்விட்த் 272-தான், ஆனால் 24 எம்பி எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) வைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள்; 3060-இல் அது 3 எம்பி. மின்சாரம் வெறும் 115 வாட். நல்ல கார்டுகள்தான், 5060-க்கு மாமாவின் 4:2:2-ம் புரியும். ஆனால் இரண்டுக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை (கார்டு போர்டோடு பேசும் தடம்) எட்டுதான். புது போர்டில் அது தெரியாது. மாமாவின் போர்டு பிசிஐஇ 3.0, அதில் எட்டுப் பாதை என்றால் நொடிக்கு 8 ஜிபிக்கும் கொஞ்சம் கீழே. 3060 பதினாறு பாதையையும் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி நிரம்பி வழியும்போதுதான் இந்தப் பாதை முக்கியமாகும், இந்த வீட்டில் 8 ஜிபி நிரம்பத்தான் போகிறது. மொத்த சிஸ்டத்தையும் மாற்றும் வருடம் வந்தால் என் பதில் வேறாக இருக்கும்.

மூன்றாவது 3584

விற்கும் ஸ்டுடியோக்காரர் கார்டைக் கொடுத்தனுப்பினார். பெட்டியில் பெரிதாக 3060. போட்டுவிட்டு, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸெட் மென்பொருளைத் திறந்தேன். கோர் 3584. மாமா முகத்தில் திருப்தி. இரண்டு வரி கீழே 128 பிட், 8192 எம்பி.

2022 அக்டோபரில் என்விடியா 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி மாதிரி ஒன்றை விட்டது. கோர் எண்ணிக்கை அதே, பெயர் அதே, பஸ் மட்டும் 192-இலிருந்து 128. பேண்ட்விட்த் 360-இலிருந்து 240. 1080 டிஐ பக்கத்தில் வைத்தால் பாதிக்கும் கீழே. கடைக்காரர் சொன்ன "காசு கொடுத்துக் கீழ எறங்குறது" இந்தக் கார்டுக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தும். பெயர் ஒன்று, பொருள் வேறு என்பது இவர்களுக்குப் புதிதல்ல. 1060-இல் 6 ஜிபிக்கு 1280 கோர், 3 ஜிபிக்கு 1152.

போன் போட்டேன். விற்றவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அவரிடம் இரண்டு 3060 இருந்திருக்கிறது, இரண்டும் ஒன்றென்றே நினைத்திருக்கிறார். "ரெண்டும் 3060 தானுங்களே" என்றார். மறுநாள் மற்றதை அனுப்பினார். 192 பிட், 12288 எம்பி. கிரிப்டோ தோண்டிய கார்டாக இருக்குமோ என்று சந்தேகத்துக்கு இரவு முழுவதும் சுமையில் ஓடவிட்டேன். 3060 வரும்போது எத்தீரியம் தோண்டும் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டோடுதான் வந்தது, அடுத்த மாதமே என்விடியாவின் ஒரு டிரைவர் தவறுதலாக அந்தப் பூட்டைத் திறந்துவிட்டது. எனவே பூட்டை நம்பி வாங்க முடியாது. விடியும்வரை திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்திருக்கிறது. புது யூபிஎஸ் ஒருமுறை கூவியதோடு சரி.

இப்போது பகலில் மாமா, இரவில் பையன். ரெண்டர் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை என்று மாமா சொன்னார். இருக்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். இரைச்சல் எடுப்பதில் மட்டும், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது என்றார். முன்பு சாப்பிட்டுவிட்டு வர வேண்டியிருந்ததாம்.

1080 டிஐயை ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் பண்ணும் ஊழியரின் சிஸ்டத்தில் போடலாம் என்று மாமா எடுத்துப்போனார். அந்த எஸ்எம்பிஎஸ் 450 வாட், அதில் கார்டுக்கென்று இருப்பது ஒரே ஒரு 6 பின் வயர். கார்டு கேட்பது ஒரு 8 பின், ஒரு 6 பின். மாற்று வயர் போட்டு ஒப்பேற்றலாமா என்றார், கூடவே கூடாது என்றேன். விற்கவும் மனசில்லை. வெல்வெட் ஆல்பம் பெட்டி ஒன்றில் சுற்றி, பீரோ மேல்தட்டில் வைத்திருக்கிறார்.